நாற்பத்து நான்கு ஜெபங்கள்

விலிசோனியின் ஜெபங்கள் நாற்பத்து நான்கு இன்னும் என் போனில் இருக்கின்றன. அவற்றில் ஒன்றைக்கூட நான் கேட்டதில்லை. கேட்காமலே முதல் வரி தெரியும். எங்கள் டோங்காத் தீவுகளில் யார் ஜெபித்தாலும் முதல் வரி ஒன்றுதான். 'ஆண்டவரே, இந்த மாலை வரைக்கும் எங்களைச் சுகமாகக் கொண்டுவந்து சேர்த்தீரே, உமக்கு ஸ்தோத்திரம்.' கல்யாண வீடோ, பள்ளிக்கூடக் கூட்டமோ, காவா வேர்ச்சாறு குடிக்க உட்கார்ந்த இடமோ, வாய் திறக்கிறவன் இந்த நாளைச் சுகமாகக் கண்டதற்கு நன்றி சொல்லிவிட்டுத்தான் மற்றதைப் பேசுவான். அது இல்லாத ஜெபம் உப்பில்லாப் பண்டம். நாக்குக்கு அவ்வளவு பழகிப்போன வரி என்பதால் அதை யாரும் நின்று கேட்பதில்லை. நானும் கேட்கவில்லை. அந்தக் கதையைத்தான் சொல்கிறேன்.

என் பெயர் பௌலியாசி. ஹாபாய்ப் பக்கம் எங்கள் தீவின் ஆலயத்துக்கு இருபத்தொரு வருடமாக மணி அடிக்கிறவன். மணி என்றதும் பெரிதாக எதையும் நினைத்துக்கொள்ள வேண்டாம். மாமரக் கிளையில் தொங்குகிற காலி கேஸ் சிலிண்டர்தான். இரும்புக் கம்பியால் ஓங்கி ஒன்று வைத்தால் பவளத்திட்டில் ஆக்டோபஸ் குத்திக்கொண்டிருப்பவனுக்கும் கேட்கும். மற்ற நேரமெல்லாம் சேம்புத் தோட்டம், வள்ளிக்கிழங்கு, பன்றிகள். போன் டவருக்கு நேர் கீழே என் வீடு என்பதால் சபையின் போன் குழுவும் என் தலையில் விழுந்தது.

குழுவை ஆரம்பித்தது போதகர் இசிலேலி. முப்பத்தைந்து வயது இருக்காது. பெரிய தீவில் படித்துவிட்டு வந்தவர். வந்த புதிதில் ஆலயத்தில் ஆட்களை எண்ணிப் பார்த்தார். ஆண்கள் வரிசை முக்கால்வாசி காலி. எல்லாரும் ஆஸ்திரேலியாவில் ஆரஞ்சு பறிக்கிறார்கள், இளசுகள் தலைநகரில் இருக்கிறார்கள் என்று சொன்னேன். அவர் மாமரத்தைப் பார்த்துக்கொண்டே, "மந்தை கடல் தாண்டிப் போயாச்சு. நாம இங்க சிலிண்டரைத் தட்டிக்கிட்டே இருந்தா அவங்களுக்குக் கேக்குமா பௌலியாசி அண்ணே?" என்றார். எனக்குச் சுருக்கென்றது. என் மணியைப் பற்றி அதுவரைக்கும் யாரும் அப்படிச் சொன்னதில்லை.

அவர் சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை. "சீஷத்துவங்கிறது ஞாயித்துக்கிழமை ஒரு மணி நேரம் இல்லண்ணே. தினமும் கூட நடக்கறது. கூட நடக்க முடியலன்னா கூடப் பேசவாவது செய்யலாம்ல" என்றார். நூறு மாலைகளுக்கு நூறு வேதபகுதிகளை அச்சடித்துக் கொடுத்தார். அன்றன்றைய பகுதியை வாசித்து, யோசித்து, மாலை ஆறு மணிக்குள் சொந்த வார்த்தையில் ஒரு ஜெபத்தைக் குரலாகப் பதிந்து குழுவில் போட வேண்டும். வீட்டு ஜெபத்தில் பாயின் நடுவில் போனை வைத்து, தூரத்தில் இருக்கிறவரின் ஜெபத்தைக் குடும்பமாகக் கேட்க வேண்டும். ஒரு நாளும் விடாமல் நூறையும் முடித்தவர்களுக்கு ஆலயத்தில் ஆராதனை, ஆசீர்வாதம். ஆலயக் கதவில் ஒரு பெரிய தாள் ஒட்டினார். பெயருக்கு நேராகப் பச்சை மையில் டிக் போடும் வேலையும் எனக்கு.

முதல் வாரம் ஒரே கூத்து. ஒருத்தி ஜெபத்தைவிட அவள் பன்றி அதிகம் ஜெபித்தது. இன்னொருத்தி ஆஸ்திரேலியாவில் இருக்கும் புருஷனுக்கு அனுப்ப வேண்டிய வசவைத் தவறிக் குழுவில் போட்டுவிட்டாள். ஊரே இரண்டு முறை கேட்டுவிட்டது. ஆனால் பாரிசவாயு வந்து நாலு வருடமாகப் படுத்த படுக்கையாக இருந்த ஹெனெலே ஒன்பதாம் நாள் ஒரு ஜெபம் அனுப்பினான். பாதி வார்த்தை விளங்கவில்லை. அன்று யாரும் சிரிக்கவில்லை. சிலிண்டரைத் தட்டி அவனை என்னால் ஆலயத்துக்குக் கொண்டுவர முடிந்ததில்லை என்பதை ஒத்துக்கொள்ளத்தான் வேண்டியிருந்தது.

விலிசோனி என் சித்தப்பா மகன். எங்கள் தீவில் அவனைப்போலப் பிரசங்கம் பண்ண ஆள் கிடையாது. படித்த பிரசங்கம் இல்லை. வலை இழுக்கிறவன் பேசுகிற மாதிரிப் பேசுவான், பின்வரிசைக் கிழவர்களும் தூங்கமாட்டார்கள். இரண்டு வருடத்துக்கு முன்னால் ஆஸ்திரேலியாத் தோட்டத்தில் குடித்துவிட்டு ஒருவனோடு மல்லுக்கட்டி, அந்தச் செய்தி அவனுக்கு முன்னால் ஊர் வந்து சேர்ந்தது. சபை மூப்பர்கள் கூடிப் பிரசங்கிகள் பட்டியலிலிருந்து அவன் பெயரை அடித்துவிட்டார்கள். அடித்த கோடு மூன்று மாதம் ஆலயச் சுவரில் தொங்கியது. அன்றிலிருந்து அவன் மனைவி ஃபிபே கதவோரக் கடைசி பெஞ்சில்தான் உட்கார்ந்தாள். முன்னால் வா என்று பெண்கள் கூப்பிட்டால், சின்னது அழும், வெளியே தூக்கிப்போக வசதி என்பாள். சின்னது அழுகிற பிள்ளையே இல்லை.

புதுப் போதகர் அவனுக்கு ஒரு வழி திறந்தார். குடியை விட்டு, இந்த நூறு மாலையை ஒன்று விடாமல் முடித்துவிட்டு ஊர் வந்தால் பெயரைத் திரும்ப எழுதுகிறேன் என்று வாக்குக் கொடுத்தார். விலிசோனி மறுபடி ஆரஞ்சு பறிக்கப் போனான். ஃபிபே அவன் பீடத்தில் ஏறும் நாளுக்கென்று, மரியாதைக்கு உடைமேல் சுற்றிக் கட்டுகிற இடுப்புப்பாய் ஒன்று முடைய ஆரம்பித்தாள். தாழை ஓலையைக் கட்டுக்கட்டாகக் கடலில் போட்டுக் கல்லேற்றி ஊறவைத்து, வெளுக்கக் காயவைத்து, நகத்தால் இழை கிழித்து முடைவாள். மெல்லிய இழை. ஒரு நாளைக்கு ஒரு சாண் நகர்ந்தால் அதிகம்.

நம் ஆறு மணி என்பது அங்கே பிற்பகல் மூன்று. ஏணி மேல் நிற்கிற நேரம். அதனால் மதியச் சாப்பாட்டு வேளையில் பதிந்து அனுப்பிவிடுவான். பன்னிரண்டு நாள் அப்படிப் போனது. பன்னிரண்டாம் நாள் ஞாயிறு. அன்று தோட்டத்து வேன் அவர்களைச் சாமான் வாங்க டவுனுக்குக் கூட்டிப்போகும். மதியம் எனக்கு அவனிடமிருந்து அழைப்பு வந்தது.

"அண்ணே, நாளையிலிருந்து மலைக்கு அந்தப் பக்கம் தோட்டம். தங்கறதும் அங்கதான். அங்க சிக்னலே கிடையாது. நூறு நாள் சங்கிலி அறுந்துரும்" என்றான்.

போதகரிடம் சொல்லிப் பார்க்கலாமே என்றேன்.

"வேண்டாம். சாக்கு சொல்றான்னு மூப்பருங்க சொல்லுவாங்க. ஏற்கனவே ஒருதரம் சொல்லியிருக்கேன்ல சாக்கு. நான் ஒரு வேலை பண்றேன். இங்க துணி துவைக்கிற கடையில ஆள் இல்ல. மிச்சம் எண்பத்தெட்டையும் இப்பவே பதிஞ்சு உங்களுக்கு அனுப்பிடறேன். தினமும் ஒண்ணு எடுத்துப் போடுங்க. ஃபிபேக்குத் தெரிய வேண்டாம். அவளுக்கு அன்னன்னைக்கு வந்ததாவே இருக்கட்டும்."

நான் சிரித்தேன். மீனை முன்கூட்டியே கருவாடு போடுவது மாதிரி ஜெபத்தையும் போட்டுவிட்டாயா என்று கேலி பண்ணினேன். அவனும் சிரித்தான். ஒவ்வொரு பகுதியையும் வாசித்துத்தான் பண்ணுகிறேன், ஏமாற்றவில்லை என்றான். சாயங்காலம் வரைக்கும் ஒன்று ஒன்றாக வந்து விழுந்தன. நல்ல காரியத்துக்குத் துணை போகிறோம் என்றுதான் நினைத்தேன். அங்கே சிக்னல் மோசம், எனக்குத்தான் வந்து சேர்கிறது, நான் குழுவில் போடுகிறேன் என்று எல்லாருக்கும் சொல்லிவைத்தேன். அது என் முதல் பொய். பொய்க்கு ஒன்று சொன்னால் போதாது, குட்டி போடும்.

அதற்குப் பிறகு தினமும் ஆறு மணிக்கு மணியை அடித்துவிட்டு விலிசோனியை எடுத்துக் குழுவில் போடுவேன். ஃபிபே வீட்டில் பாய் விரித்திருப்பார்கள். மூத்தவள் அகனேசிக்கு ஒன்பது வயது, சின்னதுக்கு ஒன்றரை. நடுவில் போன். 'இந்த மாலை வரைக்கும் என்னைச் சுகமாகக் கொண்டுவந்தீரே, என் உடம்பில் ஒரு குறையும் வைக்கவில்லையே' என்று அவன் ஆரம்பித்ததுமே ஃபிபே கண்ணை மூடி மூச்சு விடுவாள். பின்னால் வருகிற வேதம், விண்ணப்பம் எல்லாம் பிறகுதான். அவனுக்குச் சர்க்கரை வியாதி. மாத்திரையை ஒழுங்காக விழுங்கமாட்டான். அவன் உடம்பைப் பற்றி அவளுக்கு அன்றன்று கிடைக்கிற செய்தி அந்த ஒரு வரிதான். ஞாயிற்றுக்கிழமை அழைப்பில் அதிகம் பேச முடியாது, அவன் போனைக் கடன் கேட்டு, போன் இல்லாத ஏழு பேர் வரிசையில் நிற்பார்கள்.

நாற்பத்தேழாம் நாள், அதுவும் ஞாயிறுதான், எனக்கு எழுதியிருந்தான். ஏணியிலிருந்து இறங்கும்போது பழைய கம்பி ஒன்று பாதத்தில் குத்திவிட்டது, சின்ன வெட்டு, ஃபிபேயிடம் சொல்ல வேண்டாம், பயந்து சாவாள், தோட்டத்திலும் சொல்லவில்லை, சொன்னால் ஊருக்கு அனுப்பிவிட்டு அடுத்த வருடம் கூப்பிடமாட்டார்கள் என்று. நானும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. நாங்கள் பவளத்தில் காலைக் கிழித்துக்கொண்டே வளர்ந்தவர்கள். எலுமிச்சையைப் பிழிந்துவிட்டு மறுநாள் கடலில் இறங்குகிற ஜாதி. எலுமிச்சை போடு என்று பதில் எழுதினேன். அவனுக்குச் சர்க்கரை என்பது எழுதும்போது எனக்கு ஞாபகம் வரவில்லை. தெரியாமல் இல்லை, ஞாபகம் வரவில்லை.

அந்தப் புதன்கிழமை ஃபிபே சேப்பங்கீரையில் தேங்காய்ப்பாலும் டின் இறைச்சியும் வைத்துக் கட்டிச் சுட்ட பொட்டலம் இரண்டை எடுத்துக்கொண்டு என் வீட்டுக்கு வந்தாள். சும்மா வரமாட்டாள். பொட்டலத்தை வைத்துவிட்டு வாசற்படியில் உட்கார்ந்தாள்.

"அண்ணே, அவர் குரல் கம்மியிருக்கு, கவனிச்சீங்களா?"

"அங்க குளிர்காலம்மா. தொண்டை கட்டியிருக்கும்."

"சளின்னா மூக்கால பேசுவார். இது அப்படி இல்ல. ரொம்ப நேரம் பேசின தொண்டை மாதிரி இருக்கு. இங்க பிரசங்கம் முடிச்சிட்டு வீட்டுக்கு வந்து தண்ணி கேப்பாரே, அந்தக் குரல். ஆரஞ்சு மரத்துக்கா பிரசங்கம் பண்றார்?"

ஒரே உட்காரலில் எண்பத்தெட்டு ஜெபம் பண்ணினவனுக்குத் தொண்டை கம்மாமல் என்ன செய்யும்? அவள் காது உண்மையை விரல் வைத்துத் தொட்டுவிட்டது. சொல்லிவிடலாமா என்று நாக்கு நுனிவரைக்கும் வந்தது. சொன்னால் சங்கிலி போயிற்று. அவள் கடைசி பெஞ்சை விட்டு எழுந்திருக்கவே மாட்டாள். "நல்ல குரலாத்தான்மா இருக்கு. நீ இழையை எண்ணி எண்ணிக் காதையும் கூராக்கிட்டே" என்றேன். அவள் சிரித்தாள். போகும்போது, எப்படியோ, சுகமா இருக்கேன்னு அவர் வாயால சொல்றாரே, அது போதும் என்றாள்.

ஐம்பத்து நான்காம் நாள் ஞாயிறு. எங்களுக்கு ஞாயிறு என்றால் விடியற்காலையிலேயே குழி அடுப்பில் கிழங்கையும் கீரையையும் வைத்து மூடிவிட்டு ஆலயத்துக்குப் போய்வந்து, வயிறு முட்டச் சாப்பிட்டுத் தூங்குகிற நாள். நாய்கூடக் குரைக்காது. மதியம் ஃபிபேக்கு அழைப்பு வந்தது. விலிசோனி இல்லை. கூட வேலை செய்கிற தானியெலா பேசினான். விலிசோனி டவுனுக்கு வரவில்லை, களைப்பு, தூங்குகிறான் என்றானாம். எழுப்பிக் கொடு என்று கேட்க முடியாது, அவன் இருக்கிற இடத்தில் சிக்னல் இல்லை. ஃபிபே சாப்பிடவில்லை என்று அகனேசி பிறகு சொன்னாள்.

ஐந்து மணி இருக்கும். நான் மாமரத்தடியில் உட்கார்ந்திருந்தேன். ஃபிபே குளித்து, தலை வாரி, இடுப்பில் பாய் கட்டிக்கொண்டு தெருவில் வந்தாள். பாய் கட்டாமல் போதகர் வீட்டு வாசலை மிதிக்கமாட்டோம். பார்த்ததுமே எனக்கு விளங்கிவிட்டது. அந்தத் தோட்டத்துப் பக்கத்து டவுனில் போதகரின் ஒன்றுவிட்ட தம்பி ஊழியம் செய்கிறார். கார் வைத்திருக்கிறார். ஒரு வார்த்தை சொன்னால் முக்கால் மணி நேரத்தில் விலிசோனி படுத்திருக்கும் அறைக் கதவைத் தட்டியிருப்பார். அதைக் கேட்கத்தான் அவள் போகிறாள்.

கேட்டால் என்னாகும் என்று என் மூளை வேகமாக ஓடியது. தம்பி போவார், சிக்னல் இல்லாததைப் பார்ப்பார், அப்புறம் தினமும் ஜெபம் எப்படி வந்தது என்று கேட்பார். ஐம்பத்து நான்கு நாள் பாடு வீண். ஒரு வெட்டுக் காலுக்காகவா? இவள் மனம்தானே ஆற வேண்டும், நான் ஆற்றுகிறேன் என்று நினைத்தேன். ஆறு மணிக்குப் போட வேண்டிய ஜெபத்தை ஐந்து மணிக்கே எடுத்துப் போட்டேன்.

அவள் அப்போது போதகர் வீட்டுக் கேட்டின் கொக்கியில் கை வைத்திருந்தாள். போன் சத்தம் கேட்டு நின்றாள். அந்த ஞாயிற்றுக்கிழமை அமைதியில் விலிசோனியின் குரல் எனக்கே கேட்டது. 'இந்த மாலை வரைக்கும் என்னைச் சுகமாகக் கொண்டுவந்தீரே.' அவள் ஆமென் வரைக்கும் நின்று கேட்டாள். கொக்கியிலிருந்து கையை எடுத்தாள். திரும்பி வரும்போது என்னைப் பார்த்து முகமெல்லாம் சிரிப்பாக, "சுகமா இருக்காராம் அண்ணே. நான்தான் பைத்தியக்காரி" என்றாள்.

"நான்தான் அன்னைக்கே சொன்னேனே" என்றேன்.

செவ்வாய்க்கிழமை ஆறு மணிக்கு ஐம்பத்தாறாவது ஜெபத்தைப் போட்டுவிட்டுப் போனைக் கீழே வைக்கவில்லை, போதகர் மூச்சிரைக்க ஓடிவந்தார். இடுப்புப்பாய் அவிழ்ந்து தொங்கியது. தானியெலா அழைத்திருக்கிறான். ஞாயிற்றுக்கிழமையே விலிசோனிக்குக் கால் முழங்கால்வரை வீங்கி நெருப்பாய்க் காய்ச்சல். யாரிடமும் சொல்லாதே என்று தானியெலாவிடம் சத்தியம் வாங்கியிருக்கிறான். திங்கள் மாலை நினைவு தப்பின பிறகுதான் ஆஸ்பத்திரிக்குத் தூக்கியிருக்கிறார்கள். விஷம் இரத்தத்தில் ஏறிவிட்டது. இன்று விடியற்காலையில் போய்விட்டான்.

நாங்கள் இருவரும் போனபோது ஃபிபே வீட்டில் ஜெபம் முடிகிற நேரம். வாசலில் நின்றோம். உள்ளே விலிசோனி ஆமென் சொன்னான். சின்னதும் சேர்ந்து சொன்னது. ஃபிபே கண்ணைத் திறந்து எங்களைப் பார்த்தாள். போதகர் பாயில் மண்டியிட்டு உட்கார்ந்து சொன்னார்.

ஃபிபே அழவில்லை. போனை எடுத்து அவர் முன்னால் நீட்டினாள். "இல்ல போதகர் ஐயா. யாரோ பேர் மாத்திச் சொல்லியிருக்காங்க. இப்பதானே ஜெபம் பண்ணினார். சுகமா இருக்கேன்னு சொன்னார். பிள்ளைங்க கேட்டுச்சுங்க. இப்பதான் ஆமென் சொன்னார்."

போதகர் என்னைத் திரும்பிப் பார்த்தார். அவர் கண்ணில் தண்ணீர். "விடியறதுக்கு முன்னால அனுப்பியிருப்பான். உங்களுக்குக் காலையிலயே வந்திருக்கும், அப்படித்தானே அண்ணே?"

நான் தலையை ஆட்டினேன். அந்த ஒரு ஆட்டலுக்கு ஆண்டவர் என்னை என்ன செய்தாலும் தகும்.

உடல் வந்து சேரப் பன்னிரண்டு நாள் ஆயிற்று. தீவே கறுப்பு உடுத்தி, கிழிந்த முரட்டுப் பாய்களைச் சுற்றிக்கொண்டு துறையில் நின்றது. கப்பல் வந்த அன்று மழை. துக்க வழக்கப்படி அவன் அக்கா ஃபிபேயின் இடுப்பளவு கூந்தலைக் கத்தரித்தாள். பீடத்துக்கென்று முடைந்த பாய் முக்கால்தான் முடிந்திருந்தது. ஓரம் கட்டாமல் இழைகள் தொங்க ஃபிபே அப்படியே அவன் மேல் போர்த்தினாள். போதகர் பிரசங்கம் பண்ணினார். சாகிற காலையிலும் சுகத்துக்காக நன்றி சொன்ன மனுஷன் என்றார். ஆலயம் முழுக்கத் தேம்பியது. பிரசங்கிகள் பட்டியலில் விலிசோனியின் பெயரைத் திரும்ப எழுதினார். அந்தக் கடைசி ஜெபத்தை அனுப்பச் சொல்லிப் பக்கத்துத் தீவுகளிலிருந்தெல்லாம் எனக்குச் செய்தி வந்தது. நானும் அனுப்பினேன். எத்தனை பேருக்கு அனுப்பினேன் என்று எனக்கே தெரியாது. கதவிலிருந்த தாளில் மற்றவர்களின் டிக் தொடர்ந்தது. அவன் வரிசையில் ஐம்பத்தாறோடு நின்றது.

அடக்கம் முடிந்து மூன்றாம் வாரம். கடல் வற்றியிருந்த ஒரு காலையில் ஃபிபே கரையோரம் முழங்கால் தண்ணீரில் நின்று ஊறின தாழைக் கட்டுகளைக் கல்லிலிருந்து பிரித்துக்கொண்டிருந்தாள். கட்டையாக வெட்டின முடியில் உப்புக் காய்ந்திருந்தது. நான் போய் ஒரு கல்லைத் தூக்கிக் கொடுத்தேன்.

"அகனேசி ஒண்ணு கேட்டாண்ணே" என்றாள், என்னைப் பார்க்காமல். "அப்பா நெனவில்லாம படுத்திருந்தார்னு தானியெலா மாமா சொன்னார். அப்ப எப்படி ஜெபம் பண்ணினார்னு கேட்டா. எனக்குப் பதில் தெரியல. பண்ணியிருந்தாலும், கால் அழுகிக்கிட்டு இருக்கும்போது உடம்புல ஒரு குறையும் இல்லன்னு எப்படிச் சொன்னார்? என்கிட்டப் பொய் சொன்னா சொல்லிட்டுப் போகட்டும். சாகப் போறப்ப ஆண்டவர்கிட்டயேவா பொய் சொன்னார்? அந்தப் பொய்யோடவே போயிட்டாரா? ராத்திரி பகல் எனக்கு இதேதான்."

அதற்கு மேல் என்னால் முடியவில்லை. தண்ணீரில் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். துணி துவைக்கிற கடை, எண்பத்தெட்டு, காலில் வெட்டு, எலுமிச்சை, எல்லாம். அவன் பொய் சொல்லவில்லை, ஜெபங்களைப் பதிந்த ஞாயிற்றுக்கிழமை அவன் சுகமாகத்தான் இருந்தான், பொய் சொன்னது நான் என்றேன்.

அவள் ஒரு கட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். தண்ணீர் அதிலிருந்து சொட்டி நிற்கிற வரைக்கும் நின்றாள்.

"அந்த ஞாயித்துக்கிழமை ஜெபம் சீக்கிரமா வந்துச்சு" என்றாள். "மணி அடிக்கறதுக்கு முன்னாலயே வந்துச்சு. நான் கொக்கியில கை வச்சிருந்தேன்."

"ஆமா."

"நீங்க மரத்தடியில இருந்து பாத்துக்கிட்டு இருந்தீங்க."

"ஆமாம்மா."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். காலடியில் கிடந்த கல்லை எடுத்து எறிந்திருந்தாலும் நின்று வாங்கியிருப்பேன். அவள் கட்டைத் தோளில் போட்டுக்கொண்டாள். மிச்சம் எத்தனை இருக்கிறது என்று கேட்டாள். நாற்பத்து நான்கு என்றேன். அனுப்பட்டுமா என்று கேட்டேன்.

"வேண்டாம். அழிக்கவும் வேண்டாம், உங்ககிட்டயே இருக்கட்டும். அவர் சுகமா இருக்கார்னு இன்னும் நாப்பத்துநாலு தடவை கேக்க எனக்குத் தெம்பு இல்ல."

கரையேறிப் போய்விட்டாள். நான் ஏற்றம் வந்து தண்ணீர் இடுப்பைத் தொடும்வரைக்கும் அங்கேயே நின்றேன்.

அன்று மாலை ஆறு மணிக்கு மணி அடித்துவிட்டு உட்கார்ந்தேன். குழுவில் ஃபிபேயின் பெயர் வந்தது. அவள் இதுவரைக்கும் எழுதிவைத்து வாசிப்பவள். அன்று காகிதச் சத்தம் இல்லை. அவள் சொன்னதை நான் அப்படியே சொல்கிறேன், ஒரு வார்த்தை மாற்றவில்லை.

"ஆண்டவரே, இந்த மாலைக்கு நாங்க சுகமா வந்து சேரல. மூணு பேர் வந்திருக்கோம். ஒருத்தர் வரல. என் வீட்டுக்காரர் எண்பத்தெட்டு சாயங்காலத்துக்கும் ஒரே நாள்ல ஜெபம் பண்ணி வச்சார். உம்மை ஏமாத்த இல்ல. திரும்ப உம்ம பீடத்துல ஏறி நிக்கணுங்கிற ஆசை. அதை அவர் மேல சுமத்தாதேயும். வாசல் வரைக்கும் போயிட்டுத் திரும்பி வந்தேனே, என்னை மன்னியும். பௌலியாசி அண்ணனை மன்னிக்கணும்னு எனக்குத் தெரியும். இன்னைக்கு வரல. வர்ற அன்னைக்கு இங்கயே சொல்றேன். ஆமென்."

குழுவில் முதலில் ஆமென் சொன்னது ஹெனெலே, கோணின வாயால். அப்புறம் ஆஸ்திரேலியாவிலிருந்து தானியெலா. அவன் ஆமென் சொல்ல முடியாமல் அழுததுதான் பதிவாகியிருந்தது.

மறுநாள் நான் மணியடிக்கப் போனபோது போதகர் ஆலயக் கதவில் நின்று தாளைக் கிழித்துக்கொண்டிருந்தார். நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். "நீங்க டிக் போட்டீங்க. எண்ணச் சொன்னவன் நான்தானே அண்ணே" என்றார். பட்டியலில் எழுதின பெயரை அவர் அடிக்கவில்லை. மூப்பர்கள் கேட்டதற்கு, இனி அடிப்பதற்கு அங்கே யார் இருக்கிறார்கள் என்று மட்டும் சொன்னார். குழுவையும் நிறுத்தவில்லை. எண்ணிக்கை இல்லை, விட்டவர்கள் விடட்டும் என்றார். ஞாயிற்றுக்கிழமைகளில் ஆஸ்திரேலியாவில் இருக்கிற பையன்களிடம் கையைக் காட்டு, காலைக் காட்டு என்று வீடியோவில் பேசுகிறார். அவருடைய தம்பி மாதம் இருமுறை மலைக்கு அந்தப் பக்கம் போய்வருகிறார். இதை முதலிலேயே செய்திருக்கலாம் என்று ஊர் பேசுகிறது. ஊருக்கென்ன, பேசும். ஃபிபே கடைசி பெஞ்சை விட்டு எழுந்து முன்னால் வந்து உட்காருகிறாள். யார் கூப்பிட்டும் வரவில்லை, தானாக வந்தாள்.

ஐந்து மாதம் ஆகிறது. அவள் குரல் தினமும் வருகிறது. முதல் வரி ஒவ்வொரு நாளும் வேறாக இருக்கிறது. ஒரு நாள், இன்றைக்குச் சோறு இறங்கியது என்பாள். ஒரு நாள், அகனேசிக்குக் காய்ச்சல் என்பாள். நேற்று, சின்னது 'அப்பா' என்று போனைக் காட்டியது, எனக்குக் கோபம் வந்தது, பிறகு போயிற்று என்றாள். இப்போது ஊரில் மற்றவர்களும் அந்தப் பழைய வரியைச் சொல்லுமுன் ஒரு கணம் நின்று யோசிக்கிறார்கள். நான் ஆறு மணிக்கு மணியை அடித்துவிட்டு மாமரத்தடியில் உட்கார்ந்து, போனைக் காதில் வைத்து, அவள் ஆமென் சொல்லுகிற வரைக்கும் கேட்கிறேன். என் பெயர் இன்னும் வரவில்லை.